டைப்பிஸ்ட் அம்மாவின் பிடி

தொண்ணூறுகளில் வேங்கிக்காலில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் இருந்தார். மேசை உயரம் என்பதால் தட்டும்போது தோள் காதைத் தொடும். ஒவ்வொரு தாள் முடிந்ததும் தோளைச் சுழற்றுவார். நறுக்கென்று சத்தம் கேட்கும்.

தாழ்வான மேசை கேட்டார். கையில் வலு குறைந்தவருக்குத்தான் தர முடியும் என்றார் மேலாளர்.

அதைச் சோதிக்க வந்த டாக்டர் கொண்டுவந்த, கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியை அழுத்தும் விதத்தை முதலில் நான் செய்துகாட்டினேன். முள் பதினெட்டு கிலோவில் நின்றது. அம்மா முப்பதைத் தாண்டினார்.

"கொஞ்சம் கம்மியா அழுத்தியிருக்கலாமே மேடம்?" என்றேன் டாக்டர் போன பிறகு.

"வலி தோள்லதாங்க சார். கைய எதுக்குக் கேவலப்படுத்தணும்?"

எங்கள் இரண்டு பேரின் அளவுகளும் மேலாளருக்குப் போயின. மேசை என் பெயருக்கு வந்தது. அவரிடமே கொடுத்துவிட்டேன்.

"எனக்காகத்தான லேசா அழுத்துனீங்க?" என்றார், சிரிக்காமல்.

ஆமாம் என்றேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார்.