மாஸ்டரின் தீப்பந்தம் எந்தப் பக்கம்?

சாமுவேல் மாஸ்டர் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் ஜெபா போன் செய்தாள். நான் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி "சரி... சரி..." என்று மட்டும் சொன்னேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த குரூப்பில் இருக்கிற பழைய பிரிண்டிங் யூனிட் நண்பர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூர் வந்து, பனியனில் பிரிண்ட் அடித்தே தலை நரைத்தவர். நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவேன், அவர் அதைத் துணியில் அடிப்பார்.

அழுகை வரவில்லை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வாசல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. யுபிஎஸ் கத்திக்கொண்டே இருக்கிறது.

எல்லாம் ஜெபா அடுத்துச் சொன்ன விஷயத்தால்.

பொங்கலூர் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், அவள் அம்மாவை வைத்த இடத்திலேயே அப்பாவையும் வைக்கிறார்கள். பழைய கல்லைப் பெயர்த்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா பெயருக்கு மேலே ஒரு புறா இருக்கிறது. அப்பாவுக்கென்று விட்ட பாதி இன்னும் வெறுமனே கிடக்கிறது.

"அக்கா, அப்பாவுக்குத் தீப்பந்தம் போடணுமாம். நீங்கதான் வரையணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கல்லு வெட்டறவரு சாயங்காலத்துக்குள்ள பிரிண்ட் வேணும்ங்கறாரு."

"நேராவா, கவுத்தாப்பலயா கண்ணு?"

"அதைச் சொல்லலீங்க்கா..."

அதுதான் பிரச்சினை.

சில வருஷம் முன்னால், எங்களிடம் பனியன் வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர். அவர்கள் ஊர்ப் பழைய கல்லறைகளில் செதுக்கிய சின்னங்களை எல்லாம் பனியனில் போடச் சொல்லி ஆர்டர். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதி ஒரு மெயில் வேறு.

மாஸ்டர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். இறக்கை முளைத்த மணல் கடிகாரம்... காலம் பறக்கிறது என்று அர்த்தம். "இத நம்ம ஷிப்மென்ட் பாக்குதவனுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுக்கணும்மா."

ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரண்டு கைகள்... விடைபெறுதல். "பிடிச்ச கைய விட்டாத்தானம்மா வெடைபெறுதது? இவனுவ விடவே இல்லியே."

பாதியில் உடைந்த தூண்... சின்ன வயதில் போனவருக்கு. அதை மட்டும் ஸ்கிரீனில் விரலால் தடவிவிட்டு, அடுத்ததைக் காட்டச் சொன்னார்.

கடைசியாக இருந்தது தலைகீழ்த் தீப்பந்தம். ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அதற்கு வருவதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நான் லீவு. பிரிண்ட் அடிக்க நான் எடுத்து வைத்த பிலிமில் பந்தம் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தவர், பிள்ளை அவசரத்தில் தப்பாகப் போட்டுவிட்டது, திட்டு வாங்கப் போகிறது என்று நினைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் திருப்பி வைத்து அடித்துவிட்டார். லாட் முழுக்க.

இன்ஸ்பெக்ஷனில் மொத்தமும் ரிஜெக்ட்.

எங்கள் முதலாளி சாமளாபுரத்துக்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் போகாது. "ஏனுங்க மாஸ்டர், உங்களை ஆருங்க திருப்பச் சொன்னது? என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேங்க!"

மாஸ்டர் நிதானமாகச் சொன்னார். "தீய எவனாவது கவுத்திப் பிடிப்பானா மொதலாளி? கை சுட்டுரும்லா."

நான் சிரித்துத் தொலைத்தேன். எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

அந்த லாட் உள்ளூர் கடைகளுக்குப் போனது. கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டில், சோமனூர் பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் யாராவது ஒருத்தர் நெஞ்சில் அந்தப் பந்தம் நேராக எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டரும் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கே வந்தார்.

அன்றைக்குத்தான் அந்தச் சின்னத்தின் அர்த்தத்தை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, குனிந்து தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க பாரு. போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தா எனக்குக் கவுந்துதான் தெரியுது. அப்ப வெள்ளக்காரன் சொன்னதும் சரிதான். எதுத்தாப்புல நிக்கவனுக்கு நேரா எரியுது. நான் செஞ்சதும் சரிதான்."

முதலாளி காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அந்த ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலையிலிருந்து திறந்து வைத்துக்கொண்டு நேராக வைக்கிறேன், கவிழ்க்கிறேன், மறுபடி நேராக வைக்கிறேன். பாதியில் கரண்ட் போகிறது. எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அவர் மேல்தான்... சொன்னதுதான் சொன்னார், முழுசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மதியம் ஜெபா மறுபடி கூப்பிட்டாள். "நெட்ல பார்த்தேனுங்க்கா. கல்லறைன்னா கவுத்துப் போடறதுதான் முறையாம்."

முறை எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மூச்சு வாங்க, "இருந்தது போதும்மா" என்றார். அப்படிச் சொன்ன மனுஷனுக்குக் கவிழ்த்துப் போடுவதுதான் நியாயமோ என்று ஒரு நிமிஷம். பனியன் என்றால் ரிஜெக்ட் ஆனாலும் யாராவது போட்டுக்கொள்வார்கள். கல்லில் வெட்டினால் வெட்டினதுதான்.

சட்டென்று கேட்டேன். "ஜெபா, கல்லை நட்டு வெப்பாங்களா, படுக்க வெப்பாங்களா?"

"படுக்கத்தானுங்க்கா. அப்பா மேலயே."

"நாமெல்லாம் எங்க நின்னு பார்ப்போம்?"

"கால்மாட்டுலதானுங்க்கா."

அன்றைக்கு அவர் நெஞ்சில் இருந்த மாதிரியேதான். அப்புறம் நான் யோசிக்கவில்லை. நேராக வைத்து பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இப்போதுதான் அழுகை வருகிறது.

போயிட்டு வாங்க மாஸ்டர்ணா. நீங்க குனிஞ்சு பார்த்துக்குங்க... நாங்க எதிர்லதான் நிக்கறோமுங்க.