நகுமோ இன்று லீவு

நகுமோ சிசுருவுக்கு விடுப்பு எடுக்கத் தெரியாது. அலுவலகத்தில் இதை ஒரு நல்ல குணமாகச் சொல்வார்கள். வீட்டில் மகள் இரோஹா, ஏதோ பரம்பரை நோயைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வாள்.

இரண்டாண்டுக் கல்லூரி முடித்த கையோடு, டோக்கியோவின் கமேய்தோ பகுதியில் குளியல் தொட்டிகளும் குளியலறைக் கதவுகளும் விற்கும் நிறுவனத்தில் சேர்ந்தவள். ஆர்டர் பிரிவு. அன்றிலிருந்து அதே மாடி, அதே ஜன்னல்; மேசை மட்டும் இருமுறை இடம் மாறியிருக்கிறது. கணவருக்கு ஃபுகுவோகா கிளைக்கு மாற்றல் வந்தது. அவர் நிறுவனம் போகச் சொன்னது, போனார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, தூங்கிவிட்டுத் திரும்பிப் போகிறார்.

சிசுரு வேலை முடிந்து வரும்போது இரோஹா டியூஷனில் இருப்பாள். இரோஹா வரும்போது சிசுரு சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். அம்மாவும் மகளும் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். 'முட்டை இல்லை.' 'சாவி பூந்தொட்டியடியில்.' அக்டோபரில் ஒருநாள் சற்றுப் பெரிய எழுத்தில் ஒன்று இருந்தது: 'மூவர் சந்திப்பு. நவம்பர் கடைசி வெள்ளி, மதியம் மூன்று மணி. இந்தத் தடவை நீ வந்தே ஆகணும்.'

இரோஹா ஒன்பதாம் வகுப்பு. எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் பரீட்சை எழுதுவது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கால் மணி நேரத்தில் முடிவு செய்வார்கள். இரோஹாவுக்கு ஆற்றங்கரையில் இருக்கும் அரசுப் பள்ளிமேல் ஆசை. அங்கே படகு ஓட்டும் அணி உண்டு. பள்ளி விழாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று, அந்த நீளமான படகுகளைப் பற்றி அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சிசுருவும் அன்று தூங்காமல் கேட்டாள். ஆனால் அந்தப் பள்ளிக்கு வேண்டிய மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் கீழேதான் இரோஹா நின்றாள். வகுப்பாசிரியர் ஹிருமா வேறொரு தனியார் பள்ளியைச் சொன்னார். 'இதற்கே வருகிறேன், வேறு எங்கும் எழுத மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் அங்கே இடம் உறுதி. டிசம்பர் நடுவில் ஆசிரியரே அங்கே போய் அந்த வாக்கைக் கொடுத்துவிட்டு வருவார். கொடுத்தபின் மாற்ற முடியாது.

"நான் சொன்னா அவர் சிரிக்கிறார்மா. நீ வந்து 'எழுதட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றாள் இரோஹா.

"சொல்றேன்டி."

"இப்ப சொல்றதைச் சொல்லலை. அங்க வந்து சொல்லணும்."

விடுப்புக் கேட்கும் சங்கடம்கூட சிசுருவுக்கு வரவில்லை. பிரிவுத் தலைவர் தொகுராவே வந்து நின்றார்.

"நகுமோ சான், உங்களால எனக்குத் தலைவலி. கட்டாய லீவு அஞ்சுல ஒண்ணு பாக்கி நிக்குது. நீங்க எடுக்கலைன்னா எச்ஆர்ல என்னைத்தான் வறுத்து எடுப்பாங்க. என்னிக்கு எடுக்குறீங்க?"

"நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை சார். பொண்ணு ஸ்கூல்ல—"

"எடுங்க, எடுங்க. நிம்மதியா எடுங்க" என்று அங்கேயே கணினியில் பதிந்தார்.

அந்த வெள்ளிக்கு முந்தைய நாள் மறுபடி வந்து நின்றார். இம்முறை குரல் இறங்கியிருந்தது. ஆண்டிறுதி ஆர்டர்கள் மலையாகக் கிடந்தன. அவற்றைக் கணினியில் பதிந்துகொண்டிருந்த பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். "லீவு லீவுதான். அதை நான் தொடமாட்டேன். ஆனா காலைல சும்மா ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போனீங்கன்னா... மூணு மணிக்குத்தானே ஸ்கூலு?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் சிசுருவின் வாயில் அதுவரை புழங்கியதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நீலக் கோட்டும், பையில் மடித்துவைத்த செருப்புமாக வந்தாள். பள்ளிக்குள் போடுவதற்குத் துவைத்துக் காயவைத்த வீட்டுச் செருப்பு. பக்கத்து மேசை மகாபே எட்டிப் பார்த்தாள். வயதில் இளையவள், வாயில் மூத்தவள்.

"லீவுல எந்த ஊருக்குப் போயிருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? செருப்பெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்க, வெந்நீர் ஊற்றுக்கா?"

"சும்மா இரு. உன் பேர்ல கணினியைத் திறந்து குடு."

விடுப்பில் இருப்பவர்களின் பெயரில் கணினி திறக்காது. அந்த ஏற்பாடும் ஊழியர் நலனுக்காகத்தான். எனவே அன்று காலை முழுக்க மகாபே என்ற பெயரில் இருவர் கதவுகளும் தொட்டிகளும் பதிந்தார்கள். பதினொரு மணி வாக்கில் மணி அடித்த தொலைபேசியை சிசுருவின் கை தானாகவே எடுத்துவிட்டது.

"நகுமோ சான் இருக்காங்களா?" என்றார் வாடிக்கையான கட்டடக் காண்டிராக்டர்.

"மன்னிக்கணும் சார். நகுமோ இன்னைக்கு லீவு."

"நீங்க அவங்க மாதிரியே பேசுறீங்களே?"

"நிறைய பேர் சொல்வாங்க சார்."

மகாபே மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. சிசுருவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் ஒன்றரைக்கே வேலை முடிந்தது. பள்ளிக்கு ரயிலும் பஸ்ஸுமாக ஒரு மணி நேரம். இரண்டுக்கு முன்னால் கிளம்பினால் வியர்க்காமல் போகலாம். கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். தொகுராவின் நாற்காலி காலி.

"மேல மீட்டிங்ல இருக்கார். வேலை நேரத்தைக் குறைக்கிறது எப்படின்னு பேசுறாங்களாம். ஒரு மணிக்கு முடியவேண்டியது, நீண்டுக்கிட்டே போகுது" என்றாள் மகாபே.

சிசுரு நின்றாள். இந்த அலுவலகத்தில் யாரும் சும்மா எழுந்து போய்விடுவதில்லை. இருப்பவர்களைப் பார்த்து, தலைவரின் மேசைமுன் தலைகுனிந்து, 'உங்களுக்கு முன்னாடி கிளம்புறேன், மன்னிச்சிக்கணும்' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் பழக்கிவிட்ட வாசகம். அதைச் சொல்லாமல் அவள் ஒருநாளும் படி இறங்கியதில்லை. பிரசவ வலி கண்ட அன்றுகூடச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

"நீங்க போங்க, நான் சொல்லிக்கிறேன்."

"அது நல்லாருக்காது. அஞ்சு நிமிஷம் பாக்குறேன்."

"நீங்க இன்னைக்கு இங்க இல்லவே இல்லை, நகுமோ சான். இல்லாத ஆளு யார்கிட்டப் போய்ச் சொல்லிட்டுக் கிளம்பணும்?"

சரியான கேள்விதான். ஆனால் பதில் தெரிந்திருந்தும் கால் நகரவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டலாம் என்றால், அந்த அறையில் எச்ஆர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். விடுப்பில் இருப்பவளைக் கண்ணால் பார்த்துவிட்டால் தொகுராவின் பாடு திண்டாட்டம். அவருடைய மானத்துக்காகவும் சேர்த்து சிசுரு காத்திருந்தாள். கோட்டைக் கழற்றினாள். மேசையைத் துடைத்தாள். பென்சில்களை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கினாள். ஐந்து நிமிடம் என்று பத்துப் பன்னிரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தொகுரா இறங்கி வந்தபோது சிரித்த முகமாக இருந்தார். "அடடே, இன்னும் இருக்கீங்களா? கிளம்ப வேண்டியதுதானே!"

சிசுரு குனிந்து வாசகத்தைச் சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் பள்ளி மாடிப்படி ஏறும்போது மணி மூன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பையில் இருந்த செருப்பை எடுக்க மறந்து, வாசலில் கிடந்த விருந்தாளிச் செருப்பை மாட்டியிருந்தாள். அது ஒவ்வொரு படியிலும் கழன்றது. வகுப்பறை வாசலில் போட்டிருந்த நாற்காலியில் வேறொரு தாய் இருந்தாள். உள்ளே வேறொரு குடும்பம் பேசிக்கொண்டிருந்தது. ஹிருமா கதவைப் பாதி திறந்து வெளியே வந்தார்.

"நகுமோ இரோஹாவோட அம்மாவா? கவலைப்படாதீங்க, நல்லபடியா முடிஞ்சிடுச்சு. பொறுப்பான பொண்ணு. தானே யோசிச்சுத் தனியார் பள்ளிக்கே சரின்னு சொல்லிட்டா. தாளை அவகிட்ட குடுத்திருக்கேன், அதுல உங்க முத்திரை மட்டும் போட்டு அனுப்புங்க."

காலணி அலமாரிக்கு அருகே இரோஹா சுவரில் சாய்ந்து கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தாள். அடுத்து டியூஷன்.

"ஏன்டி சரின்னு சொன்னே?"

"அவர் கேட்டார். அரசுப் பள்ளின்னா பிப்ரவரி வரைக்கும் விடாம படிக்கணும், வீட்ல கூட இருந்து பாத்துக்க யார் இருக்கான்னு. யாரும் இல்லைன்னேன்." வாயில் இருந்ததை விழுங்கினாள். "பொய்யா சொல்லமுடியும்?"

"ரயிலு..."

"ரயில் மேல பழி போடாதேம்மா. ஆபீஸ் போனியா?"

சிசுரு கழன்ற விருந்தாளிச் செருப்பைக் காலால் தேடி மாட்டினாள்.

"லீவு போட்டுட்டு ஆபீஸ் போயிருக்கே!" இரோஹா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "விடும்மா. டிசம்பரோட முடிஞ்சிடும். அப்புறம் நான் தூங்கலாம். எனக்குத் தூங்கினா போதும்."

பதினைந்து வயதில் சொல்கிற பேச்சா இது என்று சிசுருவுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை இன்னொரு கடமை இருந்தது. விடுப்பு எடுத்துத் திரும்புகிறவர், தான் இல்லாத நாளில் தன் வேலையைச் சுமந்தவர்களுக்குப் போன ஊரின் பலகாரப் பெட்டி ஒன்று வாங்கிவந்து மேசைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். டோக்கியோ நிலையத்தின் கீழ்த்தளத்தில் எல்லா ஊர்ப் பலகாரமும் கிடைக்கும். போகாத ஊரின் பெட்டியை வாங்கிக் கொடுத்துத் தப்பித்தவர்கள் அலுவலகத்தில் உண்டு. சிசுருவும் அங்கே போய் நின்றாள். வெந்நீர் ஊற்றின் படம் போட்ட பெட்டியைக் கையில் எடுத்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையில் வாங்கினாள். ஆமை வடிவத்தில், உள்ளே இனிப்புப் பயறு வைத்த பலகாரம். ஒவ்வொரு உறையிலும் பெரிதாகக் 'கமேய்தோ' என்று அச்சிட்டிருந்தது. மேசை மேசையாக வைத்து, "லீவு எடுத்துட்டேன், மன்னிச்சிக்கணும்" என்று குனிந்துகொண்டே வந்தாள். மகாபே உறையைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்கள் படித்தார்கள், பிரித்துத் தின்றார்கள். தொகுரா ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஊர்தானா?"

"ஆமா சார். இங்கேயேதான் இருந்தேன்."

அவர் இருமினார். அந்த நேரம் பார்த்து சிசுரு கேட்டாள். "புதன்கிழமை மதியம் அரை நாள் வேணும் சார். ஸ்கூலுக்குத் திரும்பப் போகணும்."

தொகுராவுக்கு உண்மையிலேயே வியப்பு. "இப்பத்தானே வெள்ளிக்கிழமை எடுத்தீங்க?"

அவர் கிண்டல் செய்யவில்லை. கணினியில் அப்படித்தான் இருந்தது. அதுதான் சிசுருவுக்குத் தாங்கவில்லை. கத்த வேண்டும்போல இருந்தது. எப்படிக் கத்துவது என்று தெரியாமல், "ஆமா சார், எடுத்தேன்" என்றாள்.

"ஆண்டிறுதி முடியட்டும். ஜனவரில தாராளமா எடுங்க."

ஜனவரியில் வாக்கு எப்போதோ கொடுக்கப்பட்டிருக்கும். சிசுரு மேசைக்குத் திரும்பி, பள்ளிக்குத் தொலைபேசியில் பேசி, புதன் நாலு மணிக்கு நேரம் வாங்கினாள். கையெழுத்துக்குப் பதிலாகத் தாளில் குத்த வேண்டிய பெயர் முத்திரையைப் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் மட்டும் எழுதி ஒட்டினாள்: 'புதன் நாலு மணி. வகுப்பு வாசலில் நில்.' கீழே பதில் சீட்டு எதுவும் வரவில்லை.

புதன்கிழமை தொகுராவின் நாற்காலி அன்றுபோலவே காலி. சிசுரு கோட்டை மாட்டினாள். நாற்காலியைப் பார்த்துப் பழக்கத்தில் இடுப்பு பாதி வளைந்தது. வளைந்தவள், கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வாசகத்தைச் சொல்லவில்லை. மகாபே மட்டும், "வெந்நீர் ஊத்துல நல்லா ஊறிட்டு வாங்க" என்றாள்.

வகுப்பு வாசலுக்கு இரோஹா வந்தபோது அம்மா சொந்தச் செருப்புடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரோஹா அப்படியே நின்றாள்.

"என்னம்மா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்லை."

உள்ளே ஹிருமா பொறுமையாக விளக்கினார். மதிப்பெண் வரைபடத்தைக் காட்டினார். விழுந்தால் பிடித்துக்கொள்ள வேறு பள்ளி ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். செலவு, சிரமம், குளிர்காலச் சிறப்பு வகுப்பு. சிசுரு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எழுதட்டும் சார்" என்றாள்.

ஹிருமா மகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

இரோஹா அவரைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுறேன். பிப்ரவரி வரைக்கும் தூங்காம படிக்கிறேன். ஆனா டியூஷன் இல்லாத நாள்ல நீ ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கணும். சீட்டு ஒட்டக்கூடாது."

எத்தனையோ வருடமாக, எத்தனையோ பேருக்கு, வேண்டிய வாசகத்தை வேண்டிய நேரத்தில் பிசகாமல் சொன்னவள் சிசுரு. இதற்கு என்று ஒரு வாசகத்தை யாரும் அவளுக்குப் பழக்கித் தரவில்லை. பைக்குள் கைபேசி அதிரத் தொடங்கியது. அலுவலகம்தான் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் தெரிந்திருக்கும். அது அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

"இருக்கேன்" என்றாள் சிசுரு.

"பாக்கலாம்" என்றாள் இரோஹா. முத்திரை போடாத தனியார் பள்ளித் தாளை மடித்து ஆசிரியர் பக்கம் தள்ளினாள்.