கரண்ட் போனால் திறக்க வேண்டிய கதவு

அந்த மீன் கம்பெனி மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸைத் தேடிக்கொண்டு வந்தார். எழுபதுகளின் தொடக்கம். நான் அந்தத் தீவின் மின்துறையில் வயர்மேன். மழையில் மேடேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் மனைவி கொடுத்த துண்டால் தலையைக்கூடத் துவட்டாமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எங்க ஐஸ் ரூம்ல ஒரு பொம்பளை உள்ள மாட்டிக்கிட்டா. கேள்விப்பட்டிருப்பீங்க."

கேள்விப்பட்டிருந்தேன். ஃபீனிக்ஸ் பே பக்கம் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது. கல்கத்தாவிலிருந்து எலெக்ட்ரிக் லாட்ச் வரவழைச்சிருக்கேன். மூணு ரூமுக்கும் மூணு. உள்ள இருக்கிறவங்க ஒரு பட்டனை அமுக்கினா தாழ் தானா விலகிடணும். மாட்டித் தர முடியுமா?"

கேட்லாக்கில் படம் பார்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறார். மெயின்லேண்டில் இருந்த முதலாளியைக் கேட்டால் தள்ளிப்போடுவார் என்று முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் எழுதினாராம். ஆபீசில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு மறுநாளே போனேன்.

கம்பெனி ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். ஒரு கோடியில், குளிரூட்டும் மெஷின் கரண்டில் ஓடுகிற இன்ஜின் ரூம், நடுவில் மூன்று குளிரறைகள். முழங்கை நீளத்துக்குத் தக்கை அடைத்த சுவர். கதவும் அதே கனம். வெளியே பெரிய இரும்புக் கைப்பிடி. இழுத்துச் சாத்தினால் தானே விழுந்து பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு கம்பி இருக்கத்தான் செய்தது. ஆனால் ஈரம் புகுந்து, உறைந்து, துருப்பிடித்து எப்போதோ இறுகிப் போயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

உள்ளே மாட்டிக்கொண்ட அந்த அம்மாள் ஷெட்டுக்கு வெளியே முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. புருஷன் வண்டூரில் படகு ஓட்டினார். மீனை ரகம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவதுதான் அவள் வேலை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் குளிரறைக்குள் கால் வைக்கவில்லை. மேனேஜர் அவளைக் கட்டாயப்படுத்தாமல் வெளிவேலைக்கு மாற்றியிருந்தார்.

நான் பெட்டியைப் பிரித்து ஒரு லாட்சை எடுத்து மேசையில் வைத்ததைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுதான் அதுவா தம்பி?"

"ஆமாக்கா."

"தொட்டுப் பாக்கலாமா? ஷாக் அடிக்குமா?"

"இன்னும் கனெக்ஷன் கொடுக்கலை. பாருங்க."

விரலால் தாழின் நுனியைத் தடவிப் பார்த்தாள். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"சாயங்காலம் எல்லாரும் கெளம்பிட்டாவ. என் சால்வையை உள்ள மறந்து வச்சிட்டேன். எடுக்கப் போனேன். இன்ஜின் ரூம்ல வேலை பாக்க அந்தத் தெலுங்குப் பையன் லைட்ட அணைச்சிட்டுக் கதவ சாத்திட்டான். பெட்டிக்குப் பின்னால நான் நிக்கேன்னு அவனுக்குத் தெரியாதுல்லா? மொதல்ல கத்துனேன். பொறவு கதவத் தட்டுனேன். கை விறைச்சுப் போச்சு. கட்டியா ஒரு பாறை மீன் கெடந்துச்சு. வாலப் புடிச்சு அத வச்சு அடிச்சேன். தலை தெறிச்சுப் போற வரைக்கும் அடிச்சேன். சேலையெல்லாம் விறைச்சு, அசைஞ்சா சருகு மாதிரி சத்தம் கேட்டுச்சு."

"யாருக்கும் கேக்கலையா?"

"எப்படிக் கேக்கும்? இன்ஜின் அந்தப் போடு போடுதுல்லா. மாதாவ கும்புட்டுட்டு உக்காந்துட்டேன். அப்பத்தான் கரண்ட் பந்த் ஆச்சு. இன்ஜின் நின்னுபோச்சு. ஒரே அமைதி. எந்திரிச்சு மறுபடியும் அடிச்சேன். அது அந்தப் பையன் காதுல விழுந்துட்டு. கரண்ட் போனதாலதான் தம்பி நான் உசுரோட இருக்கேன்."

எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். அவளே சொல்லவில்லை. இடது கையின் இரண்டு விரல் நுனிகளில் அவளுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை.

அவள் போன பிறகு லாட்சுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். 'டக்' என்று தாழ் உள்ளே போயிற்று. கரண்டை எடுத்தேன். ஸ்பிரிங் தள்ளித் தாழ் வெளியே வந்து நின்றது. மறுபடியும் செய்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கரண்ட் இருந்தால்தான் இது திறக்கும். கரண்ட் போனால் பூட்டியபடியே நிற்கும். அன்றைக்குக் கதவில் இது இருந்திருந்தால், கரண்ட் போனபோது அவள் எத்தனை தடவை பட்டனை அமுக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. எங்கள் ஊரில் அப்போது பவர் ஹவுஸ் டீசலில் ஓடியது. கரண்ட் போவது மழை வருவது மாதிரி.

மேனேஜரிடம் சொன்னேன். "சார், இதை மாத்தி அமைக்கணும். கரண்ட் இருக்கிற வரைக்கும் தாழ் பூட்டியிருக்கணும். கரண்ட் போனா விலகிடணும்."

அவர் முகம் மாறியது. "அது எப்படி? கரண்ட் போனா மூணு ரூமும் திறந்து கிடக்குமா? சரக்கை அள்ளிட்டுப் போயிருவாங்களே. அப்புறம் குளிர் என்ன ஆகிறது?"

"குளிர் எங்கேயும் போகாது சார். தாழ் மட்டும்தான் விலகும். கதவு அதன் கனத்திலேயே சாத்தினபடி இருக்கும். யாராவது தள்ளினாதான் திறக்கும்."

"சரக்கு?"

அவருடைய பயமும் பொய்யில்லை. ஒரு கூடை இறால் குறைந்தாலும் முதலாளி அவர் சம்பளத்தில்தான் கை வைப்பார். நாலு பிள்ளைகள் அவருக்கு. இரண்டு நாள் அவர் பிடிகொடுக்கவில்லை. "பாட்டரி வையுங்களேன்" என்றார். வைக்கலாம், ஆனால் அந்த உப்புக் காற்றில் பாட்டரியைத் தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இறுகிப்போன கம்பியைக் கவனிக்காதவர்கள் இதைக் கவனிப்பார்களா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய், முற்றத்தில் அந்த அம்மாள் கூட்டுவதைப் பார்த்தபடி நின்றார்.

திரும்பி வந்து, "ஷெட்டோட வெளிகேட்டுக்கு ஆள் போட்டுக் காவல் வச்சுக்கறேன். நீங்க சொல்ற மாதிரியே செய்யுங்க" என்றார்.

கதவின் பழைய பூட்டை எடுத்துவிட்டேன். புதுத் தாழைக் கழற்றி ஸ்பிரிங்கை இடம் மாற்றினேன். தாழை இழுக்கும் காயிலை, அந்தச் செம்புக் கம்பிச்சுருளை, திருப்பி வைத்தேன். இப்போது கரண்ட் கொடுத்தால் தாழ் வெளியே வந்து பூட்டியது. எடுத்தால் உள்ளே போனது. சந்தோஷத்தில் கரண்டைக் கொடுத்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் வார்னிஷ் கருகிய நாற்றம். கண நேரம் கரண்ட் வாங்குவதற்காகச் சுற்றிய காயில் அது. நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னால் எப்படித் தாங்கும்? அதை மறுபடியும் சுற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு ஒவ்வொரு காயிலோடும் வரிசையில் ஒரு பல்பைச் சேர்த்தேன். பல்பு குளிர்ந்திருக்கும்போது கரண்டைத் தாராளமாக விடும். தாழ் வேகமாகப் போய் விழும். எரிய ஆரம்பித்ததும் கரண்டைக் குறைத்துவிடும். தாழைப் பிடித்து வைக்க அந்த மிச்சம் போதும். காயில் இளஞ்சூடாகவே இருந்தது. அந்தச் சூட்டினால் தாழில் பனி பிடிக்கவும் இல்லை. பல்பு பியூஸ் போனாலும் கதவு திறக்கிற பக்கம்தான் போகும். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தமானவற்றில் அது ஒன்று.

மூன்று கதவுகளையும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குப் படாக் மரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொல்லி, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும், மூன்று ரிலேக்களும், அந்த மூன்று பல்புகளும், ஒரு மணியும் வைத்தேன். பல்புகளுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி. சிவப்பு எரிந்தால் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே யாராவது பட்டனை அமுக்கினால் சிவப்பு அணையும், தாழ் விலகும், மணி அடிக்கும். பெட்டியை இன்ஜின் ரூமில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

இன்ஜின் ரூம் ஆள்தான் அன்றைக்குக் கதவைச் சாத்தியவன். விசாகப்பட்டினம் பக்கத்துக்காரன், சாது. நான் வேலை செய்த நாளெல்லாம் எனக்கு டீ வாங்கி வந்தது அவன்தான். அந்த அம்மாளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய் வைப்பான். அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் சோதனை. உள்ளே போக நானே தயாரானேன். மேனேஜர் கதவுக்கு வெளியே நின்றார். இன்ஜின் ஆள் மெயின் சுவிட்சின் அருகே. "நான் வரலைன்னா மேனேஜர் சாப் சொல்லுவார். மெயினை இறக்கிடு" என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அந்த அம்மாள் தூரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவைச் சாத்தினார்கள். வேண்டுமென்றே விளக்கையும் அணைக்கச் சொல்லியிருந்தேன். இருட்டு என்றால் அதுதான் இருட்டு. மூக்கு நுனியிலும் காது மடலிலும் குளிர் கடித்தது. சுவரைத் தடவிப் பட்டனைத் தேடி அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினேன். இல்லை. பட்டனுக்குள் ஈரம் புகுந்து உறைந்துவிட்டது என்று தலைக்குள் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. கையோ அதைக் கேட்காமல் கதவை ஓங்கி ஓங்கி அறைந்தது. வெளியே ஆட்கள் இருக்கிறார்கள், மெயினை இறக்கினால் போதும், எல்லாம் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை. அவள் எந்த நம்பிக்கையும் இல்லாமல் இதே இடத்தில் நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

திடீரென்று இன்ஜின் நின்றது. அந்த அமைதியில் 'டக்'. தள்ளினேன். கதவு திறந்தது.

வெளியே மேனேஜர் யாரோ படகுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் உள்ளே போய் வெகுநேரம் ஆனதாகவே அவருக்குத் தோன்றவில்லை. இன்ஜின் ரூமிலிருந்து அந்த அம்மாள் மூச்சு இரைக்க வந்தாள். பின்னாலேயே அந்த ஆள்.

"அக்கா நே கிராயா சாப்! மேய்ன் நஹீ!" என்றான். மெயினை இறக்கியது அக்காதானாம், அவன் இல்லையாம்.

அவள் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இவ்வளவு நேரம் ஆகுமா தம்பி ஒரு பட்டன அமுக்க? எனக்குத் தெரியாதா?"

மேனேஜர் தன் சட்டைப் பையில் எதையோ தேடுவது போல நின்றார். பிறகு அவரே போய் எனக்கு டீ கொண்டுவந்தார்.

உள்ளே சுவிட்சே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சுவரில் துளை போட்டு, கிரீஸ் நிரப்பிய மெல்லிய செம்புக் குழாயைச் செருகி, அதன் வழியாக ஒரு கயிறு. உள்ளே இருப்பவர் இழுத்தால் வெளியே ஈரமில்லாத இடத்தில் இருக்கும் சுவிட்ச் வேலை செய்யும். சணல் கயிறு தண்ணீர் குடித்து உறைந்துவிடும். வேறென்ன கயிறு போடலாம் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். மறுநாள் புருஷனிடமிருந்து தங்கூசி நரம்பு வாங்கி வந்தாள். தூண்டில் போடுகிற நைலான் நரம்பு. நழுவாத முடிச்சு அவளே போட்டாள், உணர்ச்சியில்லாத அந்த விரல்களை மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களால். கைப்பிடிக்கு மரக்கட்டை. இருட்டில் தேடினாலும் அகப்படுகிற உயரத்தில் தொங்கவிட்டோம்.

இந்தத் தடவை சோதனையில் ஒரே இழுப்பில் திறந்தது. "நீங்களும் ஒரு தடவை பாருங்கக்கா" என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

அந்த மழைக்காலம் முடிந்து, ஒரு பல்பு மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இன்ஜின் ரூமில் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். நடு அறையின் சிவப்பு அணைந்தது. மணி அடித்தது. கீழே போல்ட் முறுக்கும் ரிஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்த இன்ஜின் ஆள் எழுந்து ஓடினான். நானும் குதித்து ஓடினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். தலையில் மீன் பெட்டி, கழுத்தைச் சுற்றிச் சால்வை.

"ஒண்ணுமில்ல. இழுத்துப் பாத்தேன்" என்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "எப்ப வந்தீங்க தம்பி? வீட்ல எல்லாரும் சொகமா?"

மேனேஜர் சொன்னார், அவள் தானாகத்தான் பழைய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். ஆனால் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அதனால் நாளெல்லாம் மணி.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா சார்?"

"அடிக்கட்டும்" என்றார் அவர். "அடிச்சுட்டுப் போகட்டும்."

நான் இன்ஜின் ஆளிடம் கேட்டேன், "அக்காதானே இழுக்கிறாள், தெரிந்தும் ஏன் ஒவ்வொரு தடவையும் ஓடுகிறாய்?" என்று, எனக்குத் தெரிந்த ஹிந்தியில். அவன் ரிஞ்சைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"தேக்கே ஆத்தா ஹூன்" என்றான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான்.

நான் பல்பை மாற்றி முடிப்பதற்குள் மணி இன்னொரு தடவை அடித்தது. அவன் ஓடினான். வெளியே அவள் குரல் கேட்டது: "டீ குடிச்சியாடே?" அவன் தமிழில் பதில் சொன்னான், "குடிக்கல அக்கா."