கோயில் வரியும் வாய்க்கால் பங்கும்

வரி என்றதும் முகம் சுளிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மட்டக்களப்பில் ஒரு வங்கியில் எனக்கு வேலை. சம்பளம் கைக்கு வருமுன்பே வரியை வெட்டிவிடுவார்கள். வெட்டட்டும். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் வானத்திலிருந்தா விழுகின்றன? என் கோபம் வேறு. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே கடையில் ஒரே பால்மா வாங்கும்போது, இரண்டு பேரும் அதற்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறோம். அவள் புருசன் வாவியில் இறால் பிடிக்கிறவர். இறால் படாத கிழமைகளில் அந்த வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி இருக்காது.

இதற்காகக் கொழும்பில் இருப்பவர்களை வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அதே கூத்து எங்கள் கோயிலிலும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஒவ்வொரு குடும்பமும் திருவிழாவுக்கு வரி கட்ட வேண்டும். இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தொகை. கடைசி நாள், கட்டிய குடும்பங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு காளாஞ்சி கொடுப்பார்கள். கட்டாத வீட்டைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாத வீட்டை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும்.

சாமான்கள் எல்லாம் விலை ஏறிய பிறகு வந்த திருவிழாவுக்கு, அந்த வரியையும் ஒரேயடியாகக் கூட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் மூத்த மகளுக்குச் செட்டிபாளையத்தில் சம்பந்தம் பேசி முடிந்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நாள் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“அவங்களுக்கு முன்னால எங்கட பேரக் கூப்பிடாட்டி நான் எந்த முகத்தோட நிக்கிற அக்கா?” என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கோயில் கூட்டத்தில் பெண்கள் பின்னால் இருந்து கேட்பதுதான் வழக்கம். அன்றைக்கு நான் எழும்பினேன். “இல்லாத ஆக்களுக்கு வரிய விட்டுப்போடுங்க. இருக்கிற ஆக்கள் கூடக் கட்டட்டும்” என்றேன். சொல்லும்போது என் கண் மச்சானில்தான் நின்றது. என் சொந்த மாமாவின் மகன். நெல் ஆலை, இறால் பண்ணை, வாவிக்கு அங்கால் படுவான்கரையில் பரந்த வயல். வங்கியில் அவர் கணக்கில் என்ன கிடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன், அது தொழில் தர்மம். அவருடைய லொறிகளை ஊரே பார்க்கிறது.

மச்சான் சிரித்தபடி எழும்பினார். “சாமிக்கு முன்னால எல்லாரும் ஒண்டுதான் மச்சாள். கூடக் கட்டுறதெண்டா கட்டுறன். பிறகு முதல் காளாஞ்சி எனக்குத்தான் தரோணும்.”

ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின. அப்போது எனக்குப் பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

“எங்களுக்கு வரிய விட வேணாம். வரி கட்டாம வாங்கிற காளாஞ்சி பிச்சைதானே. அத வாங்க என்னால ஏலா.”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிட்டது. உனக்காகத்தானே எழும்பினேன் என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் சொன்னது நியாயம். அவள் கேட்டது இரக்கம் அல்ல, ஊரில் தன் இடம். அந்த இடத்தை மச்சான் விலைக்குக் கேட்கிறார், நான் அவளிடமிருந்து பறிக்கப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக நான் உட்கார்ந்துவிடவில்லை. மச்சான்தான் அவருடைய வட்டைக்கு விதானை. அந்த வயல்வெளியின் வேலைகளைப் பங்கு பிரித்து விடுகிறவர் அவர்.

“மச்சான், விதைப்புக்கு முன்னால வாய்க்கால் வெட்டுறத்துக்கு எப்பிடிப் பங்கு பிரிக்கிறீங்க?”

“ஏக்கரப் பார்த்துத்தான். காணி கூடினவனுக்கு நீளம் கூட.”

“அர ஏக்கர்க்காரன் தன்ட துண்ட வெட்டினா, அவன் அர வெள்ளாமைக்காரனா?”

“அதெப்பிடி? அவனும் வெள்ளாமைக்காரன்தானே.”

“நீளமா வெட்டினத்துக்கு உங்களுக்கு யாரும் மாலை போட்டாங்களா?”

ஆண்கள் பக்கமிருந்தே சிரிப்பு வந்தது. “அந்த அளவக் கோயிலுக்கும் கொண்டு வாங்க. ஒருத்தரையும் விட வேணாம், ஒருத்தருக்கும் முதல் மரியாதையும் வேணாம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வென்றுவிட்டேன் என்று தெரிந்தது.

கோயிலை நடத்தும் வண்ணக்கர், பலரிடமும் கேட்டுவிட்டு அப்படியே முடிவு செய்தார். காணி, தோணி, கடை, சம்பளம் பார்த்து வரி. பெயர் கூப்பிடுவது வழக்கம்போல ஒழுங்கை ஒழுங்கையாக, ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு. என் வரியும் நன்றாகவே ஏறியது. ஏறத்தானே வேண்டும். மச்சான் திருவிழா வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் கட்டினார். கட்டி அவர் ஒன்றும் மெலிந்துபோகவில்லை.

கடைசி நாள் எங்கள் ஒழுங்கையின் முறை முதலில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் புருசன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். மச்சான் தன் ஒழுங்கைக்காரரோடு வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்ற சம்பந்தியம்மா குனிந்து, “இஞ்ச வரி கூடவோ?” என்று அவளிடம் கேட்டார்.

“ஆளாளுக்கு ஒவ்வொரு பங்கு. எங்கட பங்கு முழுசும் கட்டியாச்சு” என்றாள் அவள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.