யாரும் எண்ணாத ஒரு சுற்று

ராஜபாளையத்தில் மோட்டார் எரிந்துபோனால் பரிபூரணத்தின் கடைக்குத்தான் கொண்டுபோவார்கள். நூல் மில்லில் வேலை பார்த்த நாளில், மோட்டார் பிரிப்பவர்களின் கையைப் பார்த்தே ‘காயில்’ என்கிற கம்பிச் சுருள் கட்டப் பழகியவள். தனிக்கடை போட்டுப் பதினோரு வருடம். அவள் கட்டியது எதுவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை. இந்த மார்ச்சில் ஒன்று வந்தது.

அது மோட்டார் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இயற்பியல் நடத்தும் பெலிக்ஸ் கேட்டு வாங்கிப்போன வளையம். உளுந்தவடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள இரும்பில் இருநூறு சுற்றுக் கம்பி. கரண்ட் விட்டால் காந்த விசை இரும்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் ஓட்டைக்குள் வைத்த காந்த ஊசி திரும்பியது.

“ஊசி கொஞ்சம் ஆடுனா என்ன சார்?” என்று, வளையத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பெலிக்ஸிடம் கேட்டார் அவள் கணவர் ஐயாதுரை.

“எலக்ட்ரான் அலை ரெண்டாப் பிரிஞ்சு, ஒண்ணு ஓட்டை வழியாவும் ஒண்ணு வெளிய சுத்தியும் போகும்ணே. ரெண்டும் காந்தத்தைத் தொடாது. ஆனா மறுபடி சேரும்போது ஒண்ணோட மேடு இன்னொண்ணோட மேட்டுக்கு நேரா நிக்காது, தள்ளிப் போயிருக்கும். உள்ள அடைபட்ட காந்தம்தான் காரணம். நெசமான சோதனைக்கு மயிரிழையை விடச் சின்ன வளையம் வேணும். இது பிள்ளைகளுக்குக் காட்ட. வெளிய துளி காந்தம் கசிஞ்சாலும், அதுதான் தள்ளிருச்சும்பாங்க.” பெலிக்ஸ் பரிபூரணத்திடம் திரும்பினார். “வெள்ளிக்கிழமை வகுப்பு. வெளியூர்ல வாங்கிக்கிடுதேன், விடுங்கக்கா.”

“வியாழக்கிழமை நானே கொண்டு வாரேன்” என்றாள். தன் காயில் கசிகிறது என்ற பேரோடு அதை விட அவளுக்கு மனமில்லை.

இன்னும் நெருக்கிக் கட்டினாள். ஊசி திரும்பியது. பிரித்தாள். மறுபடி கட்டினாள். திரும்பியது.

“எரியாத காயிலைப் பிரிக்கிற மொத ஆளு நீதாம்ட்டி” என்றார் ஐயாதுரை.

“செத்த நேரம் பேசாம இருங்க.”

கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒவ்வொரு சுற்றும் நூலளவு முன்னால் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்து சாய்ந்தே கம்பி வளையத்தை ஒருமுறை முழுசாகச் சுற்றி வந்திருந்தது. இருநூறு சுற்றோடு, யாரும் எண்ணாத இன்னொரு சுற்று. ஓட்டைக்குள் கசிந்தது அந்தச் சுற்றின் காந்தம்தான். முடிந்த இடத்திலேயே முனையை வெளியே எடுப்பது மோட்டார் கட்டுகிறவர்களின் வழக்கம். மோட்டாரில் அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

இந்த முறை முனையை வெளியே எடுக்கவில்லை. வளையத்தை ஒட்டியே வந்த வழியில் திருப்பிக் கொண்டுபோய், தொடங்கிய இடத்தில் எடுத்தாள். போன கரண்ட் அதே வழியில் திரும்பினால், அந்த ஒரு சுற்று இல்லாமல் ஆகும்.

வியாழக்கிழமை பெலிக்ஸ் பேட்டரியை இணைத்தார். ஊசி அசையவில்லை. வயர் விட்டுப்போச்சோ என்று குனிந்து பார்த்தார்.

“காயிலைத் தொட்டுப் பாருங்க சார்” என்றாள்.

தொட்டார். சூடாக இருந்தது.

“அக்கா, நாளைக்கு வகுப்புக்கு நீங்களும் வாங்க. இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு பிள்ளைக கேக்கும்.”

“வாரேன். அந்த அலை சங்கதியை நானும் கேக்கணும்.”