மீந்த இட்லியும் மூன்று பாட்டிலும்

வேங்கிக்காலில் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள் மணிமொழி. முப்பத்து நான்கு வயது. கணவன் இளஞ்செழியன் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிறு சாயங்காலம் பாரிலிருந்து வண்டியில் திரும்பும்போது விழுந்து அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று மணிமொழிதான் சொன்னாள்: "குடிச்சே ஆவணும்னா வூட்லயே குடிங்க. வெளிய போவாதீங்க."

அந்த ஞாயிறே பீர் வாங்கி வந்தான். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. காலையில் மீந்த இட்லியைத் துண்டு போட்டு நல்லெண்ணெயில் முறுகவிட்டு, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தாள். அடுத்த வாரம், அவனோடு வேலை பார்க்கும் காசியும் வந்தான். அதற்கடுத்த வாரம் அதே அலுவலகத்து வல்லரசு.

பீர் எப்படியிருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். முதல் நாள் காரக்குழம்பைச் சுண்டவைத்து அதில் அவித்த முட்டையைப் புரட்டித் தந்தால் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எலுமிச்சை சாதத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சில மாதங்களில் மீதம் போதவில்லை. மீதியாக வேண்டும் என்பதற்காகவே சனிக்கிழமை கூடுதலாகச் சமைத்தாள்.

போன ஆவணியில் ஊருக்குள் அரசு வேலைத் தேர்வுக்கான ஞாயிறு வகுப்பில் சேர்ந்தாள். இளஞ்செழியன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "தாராளமா போ. மூணு மணிக்கு வந்துடு."

"அஞ்சு மணிக்குத்தாங்க வுடுவாங்க."

"அப்ப நாங்க வெளிய போவட்டுமா? நீதான வூட்ல குடிக்கச் சொன்ன?"

முதல் வகுப்பன்று, அவர்கள் தொட்டுக்கொள்ள எல்லாவற்றையும் செய்து டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டுப் போனாள். மூன்றரைக்குப் போன் வந்தது. "இட்லி நவுத்துப்போச்சு. காசி வண்டியில பாருக்குக் கெளம்புறோம்." பாதி வகுப்பில் எழுந்து ஷேர் ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் கண் சாலையிலேயே இருந்தது.

வீட்டில் மூவரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சும்மா சொன்னேன், மொழி. ஒடனே வந்துட்டியே!" என்று இளஞ்செழியன் சிரித்தான்.

அவள் உள்ளே போய் இட்லியை மறுபடி முறுகவைத்தாள். தட்டோடு வந்தவள், வழக்கம்போல் திரும்பிப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஊத்துங்க."

கடைசியில் காசிதான் கால் டம்ளர் ஊற்றினான். ஒரு வாய் குடித்தாள். கசந்தது. ஒரு துண்டு இட்லியைத் தின்றுவிட்டு மறுபடி குடித்தபோது, காரத்தின் மேல் அந்தக் கசப்பு குளிர்ச்சியாக இறங்கியது. தான் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் செய்திருந்தாள். அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

காசியும் வல்லரசுவும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். "அவனுங்க முன்னாடி மானத்த வாங்கிட்ட" என்றான் இளஞ்செழியன். அடுத்த ஞாயிறு குடிக்க வெளியே போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான்.

இரண்டு நாளும் அவளுக்கு வகுப்புக்குப் போகத் தடையில்லை. ஆனாலும் போகவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் திரும்பும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்றாள். இரண்டாவது வாரம் அவன் வண்டியை நிறுத்தும்போதே கால் இடறிச் சுவரில் சாய்ந்தான்.

மூன்றாவது ஞாயிறு காலை அவளே காசிக்குப் போன் செய்தாள்.

"வூட்டுக்கே வாங்க. வல்லரசுவையும் கூட்டிக்கினு வாங்க."

காசி தயங்கினான். "நீங்களும் ஒக்காருவீங்களா, அண்ணி?"

"இல்ல" என்றாள். "நான் உள்ளதான் இருப்பேன்."