யூரியாவைக் குறைங்க, மகசூலைக் கூட்டுங்க!

ஒரே வாயால் உரத்தைக் குறைக்கவும் விளைச்சலைக் கூட்டவும் சொல்ல வேண்டிய வேலை எங்களுடையது. விழுப்புரம் மாவட்டத்தில் உதவி வேளாண்மை அலுவலராக ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மேலதிகாரிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் எல்லோருக்கும் என் பாடு புரியும்.

பச்சை அட்டை

காணை பக்கம் ஏழுமலை என்ற விவசாயிக்கு இலை வண்ண அட்டை கொடுத்தேன். நெல் இலையை அட்டையில் இருக்கும் பச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போட வேண்டும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்துப் போனால் கழனி கரும்பச்சையாக நிற்கிறது. கூடவே, யூரியா கூடினால் வரும் புகையான் பூச்சியும் இறங்கியிருக்கிறது. "யூரியா வேண்டாம்னு அட்டை சொல்லியும் போட்டீங்களா?" என்றேன், எரிச்சலை அடக்க முடியாமல். அவர் வரப்பில் நின்று பக்கத்துக் கழனிக்காரரைக் காட்டினார்.

"அட்டைக்கு மட்டும் பச்சையா இருந்தா போதுமா மேடம்? அவன் தெனமும் பார்த்துக்கினு போறானே, அவன் கண்ணுக்கும் பச்சையா இருக்கணும்ல!"

ஆய்வுக் கூட்டம்

திண்டிவனத்தில் ஒரு கூட்டம். யூரியா விற்பனை ஏன் குறையவில்லை என்று முதல் பாதி முழுக்க மேலதிகாரிகளிடம் திட்டு. டீ குடித்துவிட்டு வந்தால், மகசூல் ஏன் ஏறவில்லை என்று அடுத்த பாதி. எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உக்காரும்மா, ரெண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதில் சொல்லணும்னு அவங்களுக்கு ஞாபகம் வந்துடப் போவுது."

துளை போட்ட குழாய்

வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மீத்தேன் வாயு கிளம்பி பூமி சூடாகும் என்பதால், வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்யச் சொல்லுகிறோம். திருவெண்ணெய்நல்லூரில் கலியமூர்த்தி என்ற விவசாயி என்னை நம்பி, கழனியில் துளை போட்ட குழாயைப் புதைத்தார். அதற்குள் நீர் மண்மட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கினால் மோட்டார் போட வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கதிர் வரும் சமயம், "இனி காய விடாதீங்க" என்று நான் சொன்ன அன்றே டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது.

மண் வெடிக்க ஆரம்பித்தது. தினம் மின்சார ஆபீசுக்கு ஓடினேன். "நாளைக்கு" என்றார்கள். அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் கழனியில் தண்ணீராவது நின்றிருக்கும். நாலாம் நாள் அவரே ஒரு டீசல் இன்ஜினை இரவல் வாங்கி ஓட விட்டார். மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதராகிப் போனது, மற்றதெல்லாம் தேறிவிட்டது. அன்று இன்ஜின் கக்கிய கரும்புகையை இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

"பூமி சூடாவக் கூடாதுன்னுதானே தண்ணிய நிறுத்தச் சொன்னீங்க, இப்ப இந்தப் புகை எங்க மேடம் போவும்?"

கரும்புச் சோகை

அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டக்காரரை, வெட்டும் முன் காய்ந்த இலைச் சோகைக்குத் தீ வைக்க வேண்டாம் என்று சம்மதிக்க வைத்திருந்தேன். வெட்ட வந்த ஆட்கள் சம்மதிக்கவில்லை. காற்று கெடும், மண்ணில் இருக்கும் உயிரெல்லாம் சாகும் என்று பேசிப் பார்த்தேன். அவர்களில் அஞ்சலை என்ற பெண் அரிவாளை என் கையில் கொடுத்தாள். ரோஷத்தில் நானும் உள்ளே நுழைந்தேன். பத்து கரும்பு வெட்டுவதற்குள் கன்னத்திலும் முழங்கையிலும் சோகை கிழித்து ரத்தம் வந்தது. அஞ்சலை தன் கைகளைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஆறியதும் ஆறாததுமாகக் கோடுகள்.

மதியம் தீ வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. வெட்டும் இயந்திரமும் கையுறையும் கேட்டு அன்றே ஆபீசுக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. கிளம்பும்போது அஞ்சலை வண்டிக்கு அருகில் வந்தாள்.

"கரும்ப எரிக்காதன்னு சொல்லுங்க, வாணாங்கல, எங்க கையி எரியாம இருக்கவும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க மேடம்."

இத்தனை வருஷத்தில் இந்த வேலையில் நான் சுத்தமாகக் கற்றுக்கொண்டது, பதில் தெரியாதபோதும் பதில் தெரிந்த முகத்தோடு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்வது ஒன்றுதான்.